கையுறையும் கை அரிப்பும்

கையைக் காக்கத்தான் கையுறை. அதுவே கையைப் புண்ணாக்கினால்? ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடையொன்றில் பெட்டி அடைக்கும் என் அக்காவுக்கு இதுதான் நேர்ந்தது. விரலிடுக்கில் கொப்புளம், மணிக்கட்டில் வெடிப்பு. "இந்த வேலை உனக்கு ஒத்துக்கலே, விட்டுடு" என்றனர் உறவினர். என் புத்தகமும் பஸ் கட்டணமும் அவள் சம்பளத்தில்தான். எனவே இதைப் பற்றித் தேடிப் படிக்கலானேன்.

அறுவை அரங்கில் இரப்பர்க் கையுறை வழக்கத்துக்கு வந்த கதையே ஒரு தோல் நோயில் தொடங்குகிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைச் செவிலி கரோலின் ஹாம்ப்டனின் கைகள், கிருமிநாசினியான மெர்க்குரிக் குளோரைடால் புண்ணாயின. டாக்டர் ஹால்ஸ்டெட் 1889-90இல் குட்இயர் நிறுவனத்தாரைக் கொண்டு அவருக்கென மெல்லிய கையுறை செய்வித்தார். (பிறகு அவரையே மணந்தும் கொண்டார்!)

கையுறைத் தொல்லை எல்லாமே ஒவ்வாமை அன்று. வியர்வை, சரியாகக் கழுவாத சோப்பு, உள்ளே தூவிய மாவு ஆகியவற்றால் வரும் எரிச்சலே மிகுதி. உண்மையான ஒவ்வாமை இரு வகை. எது என்பதைக் கடிகாரம் காட்டிக்கொடுக்கும். அணிந்த சில நிமிடங்களில் தடிப்பும் தும்மலும் வந்தால், இரப்பர்ப்பாலிலுள்ள புரதமே காரணம். இவர்களில் சிலருக்கு வாழைப்பழமும் ஆகாது. மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். அறுவைக்கும் பல் சிகிச்சைக்கும் முன்பு மருத்துவரிடம் இதைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்றிரண்டு நாள் கழித்துக் கொப்புளம் கிளம்பினால், குற்றவாளி பெரும்பாலும் இரப்பர்ப்பால் அன்று. கந்தகத்துடன் இரப்பரை இறுகச் செய்யும் வினையை விரைவுபடுத்தச் சேர்க்கும் தயூராம், கார்பமேட் போன்ற பொருள்களே. இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். நீல நைட்ரைல் உறைக்கு மாறுகிறோம்; அவற்றிலும் பலவற்றில் இதே வகைப் பொருள்கள் உண்டு. அக்காவும் மாறிப் பார்த்தாள், கொப்புளம் மாறவில்லை.

இராஜபாளையத்தில் தோல் மருத்துவர் ஒருவர் அவள் முதுகில் சிறு பட்டைகளை ஒட்டி, இரண்டு நாளில் எடுத்துப் பார்த்தார். மேலும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தார். தயூராம் பட்ட இடம் சிவந்திருந்தது. அது சேராத வினைல் உறையை, கை நன்கு உலர்ந்த பின் அணியச் சொன்னார்.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை செய்யும் அம்மா, வியர்வையை உறிஞ்சப் பழைய வேட்டியில் உள்ளுறை தைத்தார். பேண்டேஜ் துணி அதற்கு உதவாதாம், இழை அகலம். நனைந்தால் மாற்ற நான்கு ஜோடி.

வினைல் உறை கேட்க அக்கா தயங்கினாள். காரணத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் படித்துவிட்டு, "உன் தம்பி எழுதினதா?" என்றாராம். மறுவாரம் உறை வந்தது.