இதய நோயாளியின் அறிதிறனை அளக்கும் வினாப்படிவம்: அளப்பது மூளையையா, படிப்பையா?

இதயத் தசை உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை வெளியேற்ற இயலாத இதயச் செயலிழப்பு நிலையில் மூளைக்கான இரத்த ஓட்டமும் குறைகிறது. ஒழுங்கற்ற துடிப்பால் உருவாகும் நுண்ணிய இரத்தக்கட்டிகள் மூளையின் குழாய்களை அடைப்பதும் உண்டு. இவற்றால் நினைவு, கவனம், திட்டமிடல் ஆகியவை சேர்ந்த அறிதிறன் தேய்கிறது. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பைபாஸ் அறுவை சிகிச்சை பெற்றவர்களுள் 53 விழுக்காட்டினரிடம் வீடு திரும்பும்போதும், 42 விழுக்காட்டினரிடம் ஐந்தாண்டு கழித்தும் இத்தேய்வு காணப்பட்டது. மாத்திரை விழுங்கியது நினைவில் நில்லாத நோயாளிக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தே ஆபத்தாகிவிடும் என்பதால், இத்தகையோரை முன்கூட்டியே இனங்காணும் வினாப்படிவங்கள் பிற மொழிகளிலிருந்து பெயர்க்கப்பட்டு வருகின்றன.

இவற்றுள் பெரிதும் வழங்குவது, 2005இல் வெளியான மொன்றியல் அறிதிறன் மதிப்பீடு. முப்பது புள்ளிகளில் 26க்குக் கீழ் பெறுபவர் ஐயத்திற்குரியவர். கனசதுரத்தைப் பார்த்து வரைவதும், எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைப்பதும், குறித்த எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்குவதும் இதில் அடங்கும். பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டப்படுகிறது. பள்ளி வாசலையே மிதிக்காதவருக்கும் அதே ஒரு புள்ளிதான்.

மொழிபெயர்ப்பை மூல மொழிக்கே மீண்டும் பெயர்த்து ஒப்பிட்டபின், வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைந்துள்ளன என்பதைக் காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா என்னும் எண் கணிக்கப்படுகிறது, அது 0.7ஐத் தாண்டினால் படிவம் நம்பகமானது என்பது வழக்கம். சில வாரங்கள் கழித்து அதே நோயாளியிடம் மீண்டும் வினவி, விடைகள் ஒத்துள்ளனவா என்றும் பார்க்கப்படுகிறது. ஆனால் படிப்பை மட்டுமே அளக்கும் ஒரு படிவமும் இவ்விரு சோதனைகளிலும் சிறப்பாகத் தேறிவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர் எல்லா வினாக்களிலும் ஒருசேரத் தடுமாறுவார், சில வாரங்களில் அவருடைய படிப்பும் மாறப்போவதில்லை. நம்பகத்தன்மை வேறு, அளக்க வேண்டியதையே அளக்கும் ஏற்புடைமை வேறு. பின்னதை நிறுவ விரிவான நரம்பியல் உளச்சோதனையோடு ஒப்பிட வேண்டும். அது நேரமும் பயிற்சியும் கோருவதால், இன்னொரு குறுஞ்சோதனையோடு ஒப்பிட்டு முடித்துக்கொள்ளும் நிலை நேர்கிறது. அதுவும் படிப்பைச் சார்ந்ததே என்றால் ஒரு கோணலைக் கொண்டு இன்னொரு கோணலை நேரென்று சான்றளித்ததாகிறது.

எதுவும் இல்லாததற்கு ஏதோ ஒன்று மேல் என்னும் வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் ஒரு கணக்கைப் பார்க்கலாம்: ஆயிரம் நோயாளிகளுள் 200 பேருக்கு உண்மையான தேய்வு இருந்து, படிவம் அவர்களில் 80 விழுக்காட்டினரைக் கண்டறிந்து, நலமான 800 பேரில் 70 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கினால், ஐயப்பட்டியலில் சேரும் 400 பேரில் 240 பேர் நலமானவர்கள். எழுத்தறியாதோர் மிகுந்த வார்டில் இவ்வெண்ணிக்கை இன்னும் பெருகும். மறதி நோய் என்ற முத்திரை விழுந்தவரிடம் அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்பதைக்கூட உறவினர் நிறுத்திவிடுவர்.

மாற்று வழி இல்லாமலில்லை. ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறியாத முதியோருக்கென உருவாகி 1995இல் வெளியான இந்தி மனநிலைச் சோதனை, எழுதச் சொல்வதற்கு மாறாக வீட்டைப் பற்றிச் சொல்லக் கேட்டது. எண்களைக் கழிப்பதற்கு மாறாகக் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் செய்தது. இதய நோயாளிகளுக்கான படிவமோ இதற்கு மேலும் ஒரு படி செல்ல வேண்டும். மாரடைப்புக்குப் பிந்தைய மனச்சோர்வும், மூச்சுத்திணறலும், வார்டில் தூக்கமின்மையும் புள்ளிகளைக் குறைக்கும் என்பதால், உடல்நிலை சீரான பின்னரே வினவுவதும், படிப்புக்கேற்ற தனித்தனி வரம்புகளைக் கண்டறிந்து வெளியிடுவதும், நோயாளியின் அன்றாடச் செயல்களில் தெரியும் மாற்றத்தை வீட்டாரிடம் கேட்டு ஒப்பிடுவதும் ஏற்புடைமை ஆய்விலேயே இடம்பெற வேண்டியவை.