எவர் சொல்லுக்கும் ஆணையிடோம்

இலண்டன் மாநகரில் உள்ள இராயல் சொசைட்டி, உலகின் மிகப் பழைய அறிவியற் கழகங்களுள் ஒன்று. அதன் சின்னத்தில் மூன்று இலத்தீன் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன: 'நுல்லியுஸ் இன் வெர்பா'. ஆங்கில நூல்களில் இத்தொடர் பெரும்பாலும் மொழிபெயர்க்கப்படாமலே ஆளப்படுகிறது. அதன் பொருள் யாது?

'சொற்களில் ஒன்றுமில்லை' என்று சிலர் பொருள் கொள்வர். அது பொருந்தாது. 'நுல்லியுஸ்' என்பது 'எவருடைய' என்னும் ஆறாம் வேற்றுமைப் பொருளை எதிர்மறையில் தருவது. 'வெர்பா' என்றால் சொற்கள். எனவே, 'எவருடைய சொற்களின்மீதும் இல்லை' என்பதே நேர்ப்பொருள். எதனை இல்லை என்கிறது? வினைச்சொல் மறைந்து நிற்கிறது. அதனை அறிய மூலத்திற்குச் செல்ல வேண்டும்.

இத்தொடரின் மூலம் உரோமானியப் புலவர் ஹோரேஸ் (கி.மு. 65–8) தம் புரவலர் மைசீனாசுக்கு எழுதிய கவிதை மடல். 'தத்துவத்தில் நீர் எந்த ஆசானின் கட்சி?' என்று கேட்பார்க்கு, எந்த ஆசானின் சொல்லுக்கும் ஆணையிட்டுத் தரும் கடமை தமக்கில்லை என்கிறார் அவர். மறைந்து நிற்கும் வினை 'ஆணையிடுதல்' என்பதே. தலைவன் சொல்லும் உறுதிமொழியை ஏற்று ஆணையிடுவது உரோமானியப் படைவீரர் வழக்கம். அறிவுலகில் அவ்வழக்கம் கூடாது என்பதே புலவர் கருத்து. ஹோரேஸின் தந்தை அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். மகனை உரோம் நகருக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தவர். அத்தகைய வீட்டுப் பிள்ளையிடமிருந்து இச்சொல் பிறந்தது எண்ணத்தக்கது.

1660இல் தோன்றிய இராயல் சொசைட்டி இதனைத் தன் குறிக்கோளுரையாக ஏற்றது. அரிஸ்டாட்டில் போன்ற பண்டை ஆசான்களின் கூற்றே பல்கலைக்கழகங்களில் பெருஞ்சான்றாக விளங்கிய காலம் அது. கழகமோ 1662இல் இராபர்ட் ஹூக்கைச் சோதனைப் பொறுப்பாளராக அமர்த்தியது. கூட்டங்களில் உறுப்பினர் கண்முன்னே சோதனைகளைச் செய்து காட்டுவது அவர் பணி.

இக்கொள்கைக்கு அக்கழகத்திலேயே ஒரு பெருஞ்சோதனை வந்தது. ஒளி துகள்களால் ஆனது என்று கருதியவர் நியூட்டன். 1703 முதல் 1727இல் மறையும் வரை கழகத்தின் தலைவராயிருந்தவரும் அவரே. ஆயினும், 1803இல் தாமஸ் யங் அதே கழகத்தில் ஓர் ஆய்வுரை படித்தார். மெல்லிய சூரியக் கதிரை ஒரு சிறு அட்டைத் துண்டால் பிரித்து, அதன் நிழலில் தோன்றும் வரிகளைக் காட்டி, ஒளி அலையே என்று வாதிட்டார். இதில் வியப்பு என்னவெனில், நியூட்டன் எடுத்த அளவீடுகளையும் அவர் தம் கணக்கிற்குப் பயன்படுத்திக் கொண்டார்! ஆணையிட மறுப்பது வேறு, அவமதிப்பது வேறு. நியூட்டனின் முடிவை மறுத்தவர், அவருடைய உழைப்பை மதித்தார்.

ஈண்டு என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அச்சில் வந்ததெல்லாம் எனக்கு வேதம். முதலாண்டில் தனி ஊசல் சோதனை செய்தபோது புவியீர்ப்பு முடுக்கம் 941 என வந்தது. பாடநூலில் இருந்ததோ 980. இரவோடிரவாக அளவுகளைத் திருத்திப் பதிவேட்டில் 979 என்று எழிதாக எழுதிவிட்டேன். கையொப்பமும் கிடைத்தது. இவ்வாண்டு அதே ஊசலை மீண்டும் ஆட்டிப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. குண்டின் மையம் வரை அளக்காமல், கொக்கி வரை மட்டுமே நீளத்தை அளந்திருக்கிறேன்! பாடநூல் சொன்ன விடை சரியே. ஆனால், 941 என்று உள்ளபடி எழுதியிருந்தால் என் பிழையை அன்றே கற்றிருப்பேன்.

நண்பர்களே! ஆசிரியரையும் நூலையும் போற்றுவோம். ஆயின் நம் கண் கண்ட அளவைத் திருத்தாமல் எழுதுவோம். 'நுல்லியுஸ் இன் வெர்பா' என்பதன் பொருளை நம் செய்முறைப் பதிவேடுகள் சொல்லட்டும்.