முகமூடியா? முகக்கவசமா?

சென்ற வாரம், மாலை நேரத்து நகரப் பேருந்து ஒன்றிலே கண்ட காட்சியைச் சொல்லித் தொடங்குகிறேன். நிற்க இடமில்லாத நெரிசல். பட்டறையிலும் ஆலையிலும் கடையிலும் பகலெல்லாம் உழைத்துவிட்டு வீடு திரும்பும் தோழர்கள். களைப்பை மறக்கக் கேலிப் பேச்சு. சன்னலோரத்திலே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர்; வாயையும் மூக்கையும் மறைத்து முகக்கவசம் அணிந்திருந்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்!

“என்னண்ணே, கொரோனா போயி எத்தனை வருசமாச்சு! இன்னும் இதை விடமாட்டீங்களா?” என்று ஆரம்பித்தான் ஓர் இளைஞன்.

“கடன் கொடுத்தவங்களுக்குப் பயந்து மூஞ்சியை மூடியிருக்காருடா!” என்று தாளம் போட்டான் அவன் நண்பன்.

பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன்! அவர் சினக்கவில்லை. “இருக்கட்டும் தம்பி” என்றார். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலைந்து நிறுத்தம் தாண்டி இறங்கிப் போனார்.

ஏன் அணிந்திருந்தார்? எனக்குத் தெரியாது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவராக இருக்கலாம். மாற்று உறுப்பை உடல் ஒதுக்கித் தள்ளாதிருக்க நாள்தோறும் விழுங்கும் மருந்து, கிருமியை எதிர்க்கும் ஆற்றலையும் சேர்த்தே அடக்கிவைக்கும். நமக்கு நாலு தும்மலோடு போகும் காய்ச்சல் அவரைக் கட்டிலிலே கிடத்திவிடும். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ளும் மனைவியோ, பிறந்து பத்தே நாளான பேரக் குழந்தையோ வீட்டிலே இருக்கலாம். இருமல் அவருக்கே இருந்து, அடுத்தவருக்கு அது தொற்றக்கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். இவை ஒன்றுமே இல்லாமல், வண்டிப் புகை ஒத்துக்கொள்ளாதவராகவும் இருக்கலாம். எதுவாயினும், அதை அறுபது பேர் நடுவிலே எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கில்லை. கேட்கும் உரிமை நமக்கில்லை. இது எனக்கு உறைத்தது, வீடு வந்து சேர்ந்த பிறகுதான்!

*

இதே பேருந்து, இதே இருக்கை, ஆண்டு மட்டும் 2021 என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று கவசமின்றி ஏறியவரைப் பார்த்து முகம் சுளித்தோம், விலகி நின்றோம், “இறக்கி விடுங்கள்” என்று நடத்துநரிடம் முறையிட்டோம். தமிழ்நாட்டிலே 2020-இல் 200 ரூபாயாக இருந்த அபராதம், 2022 சனவரியில் 500 ரூபாயாயிற்று. கூலி வேலை செய்பவனுக்கு ஒரு நாள் உழைப்பு!

அன்று முகத்தை மூடாதவன் குற்றவாளி. இன்று மூடியவன் கோமாளி! அன்றும் பலர் சேர்ந்து ஒருவனைப் பிடித்தோம். இன்றும் பலர் சேர்ந்து ஒருவனைப் பிடிக்கிறோம். அகப்படும் ஆள் மாறியிருக்கிறான். நம்முடைய வழக்கம் மாறக் காணோம்.

நெஞ்சிலே கைவைத்துச் சொல்லுங்கள்: அன்று நாம் எப்படி அணிந்தோம்? காவலர் நிற்கும் திருப்பம் வரும்வரை கவசம் தாடையிலே தொங்கும். காக்கிச் சட்டை கண்ணிலே பட்டதும் மூக்குக்கு ஏறும். கடந்ததும் மீண்டும் தாடைக்கு இறங்கும். கிருமிக்கு அஞ்சி அணிந்தவர் சிலர். அபராதத்துக்கு அஞ்சி அணிந்தவர் பலர்!

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் இந்திய அரசு போட்டிருந்த கட்டுப்பாடுகள் 2022 மார்ச் 31-உடன் முடிவுக்கு வந்தன. 2023 மே 5-இல், உலகளாவிய நெருக்கடி நிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அபராதத்துக்காக அணிந்தவர்கள் கழற்றினார்கள், நியாயந்தானே! கிருமிக்காக அணிந்தவர்களோ தொடர்ந்து அணிகிறார்கள், அதுவும் நியாயந்தானே! நெருக்கடி முடிந்தது என்றார்களே ஒழிய, கிருமி செத்தது என்று எவரும் சொல்லவில்லையே!

*

இந்தச் சண்டை இன்று பிறந்ததல்ல. நூறாண்டுகளுக்கு முன்பே அமெரிக்க நாட்டுச் சான்பிரான்சிஸ்கோ நகரிலே நடந்த நாடகம் இது.

1918-ஆம் ஆண்டு. முதல் உலகப் போர் முடியும் தறுவாய். போரைக் காட்டிலும் கொடியதாக இன்புளுயன்சாக் காய்ச்சல் ஊர் ஊராக உயிர் குடித்துக்கொண்டிருந்தது. அக்டோபரிலே நகராட்சி மன்றத்தார் சட்டம் இயற்றினர்: வெளியே வருவோர் அனைவரும் வலைத்துணிக் கவசம் அணிந்தாக வேண்டும், மீறினால் 5 டாலர் முதல் 100 டாலர்வரை அபராதம், அல்லது பத்து நாள் சிறை!

ஊர் அடங்கி நடந்தது. காய்ச்சலும் தணிந்தது. நவம்பர் 21, நண்பகல் 12 மணிக்குச் சங்கு ஊதினார்கள், “போதும், கழற்றலாம்” என்று. ஒரே நொடியிலே ஊரே கவசத்தைக் கழற்றி வீசிற்று. நடைபாதையெங்கும் துணிக் குப்பை. எங்கு பார்த்தாலும் ஆரவாரம்! ஆனால் சங்கொலி மனிதர் காதிலே விழுந்ததே தவிர, காய்ச்சலின் காதிலே விழவில்லை. டிசம்பரிலே அது திரும்பி வந்தது. 1919 சனவரி 17-இல் சட்டமும் திரும்பி வந்தது.

இம்முறை ஊர் அடங்கவில்லை. ‘கவச எதிர்ப்புக் கழகம்’ என்றே ஓர் அமைப்பு முளைத்தது. ட்ரீம்லாண்ட் என்ற அரங்கிலே ஆயிரக்கணக்கில் கூடி முழங்கினார்கள். பிப்ரவரி முதல் நாள் சட்டம் கைவிடப்பட்டது. அந்தத் தொற்றுக் காலத்திலே அந்த ஒரு நகரில் மட்டும் மாண்டவர்கள் 3,000-க்கும் மேல்.

கூடி முழங்கியவர்கள் எல்லாம் அறிவிலிகளா? அப்படிச் சொல்லிவிட்டு எளிதாகத் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. முதல்முறை பணிந்த ஊர், இரண்டாம்முறை சீறியதேன்? ஒரு காரணம் கேளுங்கள்! சட்டம் நடப்பில் இருந்தபோதே ஒரு குத்துச்சண்டைப் பந்தயம். முன்வரிசையிலே நகரத்துப் பெரிய மனிதர்கள். புகைப்படம் எடுத்துப் பார்த்தால், நகரின் மேயர் முகத்திலே கவசத்தைக் காணோம்! அம்மட்டோ? கவசம் அணியச் சொல்லி ஊரை அதட்டிய சுகாதார அதிகாரியின் முகத்திலேயும் காணோம்! மேயர் 50 டாலரும் அதிகாரி 5 டாலரும் அபராதம் கட்டினார்கள். கட்டிய பணம் கருவூலம் சேர்ந்தது. போன மதிப்பு திரும்பவில்லை. போதாக்குறைக்கு, அந்த நாளைய தளர்ந்த வலைத்துணி, சொன்ன அளவுக்குக் காப்பளிக்கவுமில்லை. செய்ய முடியாததைச் செய்வதாகச் சொன்னார்கள். பிறரைச் செய்யச் சொன்னதைத் தாங்கள் செய்யவில்லை. பிறகு யார் நம்புவார்கள்?

*

நம் காலத்துக்கு வருவோம். அதே அமெரிக்காவிலே, 2022 ஏப்ரல் 18-ஆம் நாள், விமானத்திலும் இரயிலிலும் கவசம் கட்டாயம் என்ற ஆணையைக் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் செல்லாதென்றார். செய்தி வந்தபோது வானிலே பறந்துகொண்டிருந்த சில விமானங்களிலேயே கைதட்டல், ஆரவாரம்! 1918-இன் சங்கொலி மீண்டும் கேட்டதுபோல இருந்தது.

அதோடு நின்றதா? நியூயார்க் மாநிலத்து நாசோ மாவட்டத்திலே 2024 ஆகஸ்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். என்ன சட்டம் தெரியுமா? பொது இடத்திலே அடையாளத்தை மறைத்து முகத்தை மூடினால் 1,000 டாலர்வரை அபராதம், ஓராண்டுவரை சிறை! நேற்று மூடாதவனுக்கு அபராதம். இன்று மூடுகிறவனுக்கு அபராதம்! குற்றம் செய்வோர் முகத்தை மறைக்கிறார்கள் என்பது சட்டம் போட்டவர்கள் சொன்ன காரணம். உடல்நலத்துக்காக அணிவோருக்கு விலக்கு உண்டு, மெய்தான். ஆனால் தெருவிலே நிற்கும் காவலர், இவர் நோயாளியா, வேடதாரியா என்று எதைக் கொண்டு முடிவு செய்வார்? என் நோய் இன்னதென்று நடுத்தெருவிலே நின்று நான் மெய்ப்பிக்க வேண்டுமா? என்று அந்நாட்டு மாற்றுத் திறனாளிகள் தரப்பிலே வழக்கு மன்றம் ஏறினார்கள்.

இனிக் கிழக்கே பாருங்கள். சப்பான் நாட்டிலே கவசம் அணியாதவருக்கு அபராதம் விதிக்கும் சட்டம் எந்நாளும் இருந்ததில்லை. அரசு கேட்டுக்கொண்டது, மக்கள் அணிந்தார்கள். 2023 மார்ச் 13 முதல், இனி அவரவர் விருப்பம் என்று அரசே அறிவித்தது. மறுநாள் காலை இரயிலிலே பார்த்தால், பெரும்பாலோர் முகத்தில் கவசம் அப்படியே இருந்தது! சளி பிடித்தால் பிறருக்குத் தொற்றக்கூடாதென்று அணிவதும், மரங்களின் மகரந்தத் தூள் மூக்கை அரிக்கும் பருவத்திலே அணிவதும் அங்கே கொரோனாவுக்கு முந்திய பழக்கம். அணிந்தவரை ஏனென்று கேட்பாரில்லை.

நமது பக்கத்து வங்காளதேச நாட்டிலே 2020, 2021 ஆண்டுகளில் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். 600 சிற்றூர்கள், 3,40,000-க்கும் மேற்பட்ட மக்கள். பாதி ஊர்களிலே கவசத்தை வீடு தேடிச் சென்று இலவசமாகக் கொடுத்தார்கள். ஊர்த்தலைவர்கள் தாங்களே அணிந்து காட்டினார்கள். மறந்து வந்தவர்க்குத் தெருவிலே அன்போடு நினைவூட்டினார்கள். மற்ற ஊர்களில் நூற்றுக்கு 13 பேர் சரியாக அணிந்தபோது, இந்த ஊர்களில் நூற்றுக்கு 42 பேர் அணிந்தார்கள். மருத்துவமனைக் கவசம் கொடுத்த ஊர்களிலே, அறிகுறியோடு கூடிய தொற்று நூற்றுக்கு 11 பங்கு குறைந்தது. அறுபது வயது கடந்தோரிடையே நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது. கவசம் கைகண்ட மந்திரமுமல்ல, வெற்றுத் துணியுமல்ல என்பதற்கு இந்தக் கணக்கு போதும். முதியவருக்கும் நலிந்தவருக்கும் அது கூடுதலாக உதவுகிறது. நம் பேருந்து கேலி செய்தது அப்படிப்பட்ட ஒருவரைத்தானோ என்னவோ!

*

தமிழிலே இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று, முகமூடி. ‘முகமூடிக் கொள்ளையர்’ என்று நாளேட்டிலே படிக்கிறோம். ‘முகமூடி கிழிந்தது’ என்று மேடையிலே முழங்குகிறோம். மற்றொன்று, முகக்கவசம். கவசம், களம் புகுபவன் அணிவது. துணி ஒன்றுதான், அதைப் பார்க்கும் கண்தான் இரண்டு. நாசோ மாவட்டத்துச் சட்டம் பார்த்தது முகமூடியை. “கடன் கொடுத்தவங்களுக்குப் பயந்து” என்று கேலி பேசிய தம்பி பார்த்ததும் முகமூடியை. சன்னலோரத்துப் பெரியவர் அணிந்திருந்ததோ கவசம்!

இந்தக் கேலி பேருந்தோடு இறங்கிப் போய்விடுமானால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அது நம்மோடு வேலைத்தளத்துக்கும் வருகிறது, தோழர்களே!

கல் அரைக்கும் ஆலையை எண்ணிப் பாருங்கள். வெள்ளைப் புழுதி. அதிலே கலந்துள்ள சிலிக்காத் தூள், கண்ணுக்குத் தெரியாத நுண்தூள், நுரையீரலுக்குள் புகுந்து தழும்பேற்றும். சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்த தழும்பை நீக்க மருந்தில்லை. பஞ்சாலையிலே பறக்கும் பஞ்சுத் தூசியும் நெஞ்சைப் பிடிக்கும். வார விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் முதல் நாள்தான் மூச்சிறுக்கம் அதிகம் என்பது அந்த நோயின் அடையாளம். குப்பை அள்ளும் தோழர், சுண்ணாம்பு அடிக்கும் தோழர், சிமெண்டு மூட்டை தூக்கும் தோழர், எல்லார் மூச்சிலும் தூசி!

அங்கே ஒருவன் கவசம் கட்டி வருகிறான். “என்னடா, ஆபரேசன் பண்ணப் போறியா?” என்கிறோம். வெட்கப்பட்டுக் கழற்றிப் பையிலே செருகுகிறான். மூச்சிலே தூசி ஏறுகிறது. பத்தாண்டு கழித்து அவன் படியேற மூச்சு வாங்கும்போது, அன்று கேலி செய்தவன் மருந்துச் செலவுக்கு வருவானா?

இதனால் இலாபம் யாருக்கு? முதலாளிக்கு! தூசி தொழிலாளியின் மூச்சிலே ஏறாதபடி தக்க ஏற்பாடு செய்ய வேண்டியவர் ஆலையை நடத்துபவர் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவே சொல்லிற்று. தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவதும், உறிஞ்சும் விசிறி வைத்து வெளியேற்றுவதும் முதல் வேலை. அதற்கும் மிஞ்சிய தூசிக்கு, நுண்தூளை வடிகட்டும் என்95 போன்ற கவசம். கொரோனாவுக்குக் கட்டிய துணி அதற்குப் போதாது. கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது. அணிந்தவனை நாமே சிரித்துக் கழற்ற வைத்தால், ஆலைக்காரர் கவசமும் வாங்க வேண்டாம், விசிறியும் வாங்க வேண்டாம்! “கொடுத்தாலும் இவர்கள் போடுவதில்லையே!” என்று கணக்கை முடித்துவிடுவார். தெருவிலே முகம் மூடாத உழைப்பாளியிடம் 500 ரூபாய் வாங்கிய காலத்தைப் பார்த்தோம். அவன் மூச்சிலே தூசி ஏற்றுபவரிடம் கணக்குக் கேட்கும் காலம் வரவேண்டாமா? அதற்கு முதற்படி, கவசம் கட்டியவனைப் பார்த்து நாம் சிரிப்பதை நிறுத்துவது.

எல்லாரும் எந்நேரமும் அணியுங்கள் என்று நான் கூறவில்லை. அணியாதவரைக் குற்றவாளியாக்கும் நாள் மீண்டும் வரவேண்டாம். நான் கேட்பது எளியது. அணிந்தவரைப் பார்த்தால் ஏனென்று கேட்காதீர்கள். இருமலும் காய்ச்சலும் உங்களுக்கிருந்தால் நீங்களே அணியுங்கள். மருத்துவமனைக்குள் போகும்போது, அங்கே படுத்திருப்பவர்களை எண்ணி அணியுங்கள். தூசியிலே வேலை செய்தால், தரமான கவசத்தைச் சங்கத்தின் மூலம் கேட்டு வாங்கி அணியுங்கள்.

அந்தப் பெரியவரை மீண்டும் ஒருநாள் அதே பேருந்திலே காண்பேனா, அறியேன். கண்டால் காரணம் கேட்கப் போவதில்லை. எவனாவது கேலியைத் தொடங்கினால், இம்முறை அவர் வாய் திறக்குமுன் நான் சொல்வேன்:

“இருக்கட்டும் தம்பி!”