ஏசி கேஸ் தானாகத் தீர்வதில்லை

வீட்டு ஏசி சரியாகக் குளிரவில்லை என்றதும் கேஸ் நிரப்பச் சொல்வது கோடைதோறும் நடக்கும் வழக்கமாகிவிட்டது. பலர் அதை ஆண்டுச் செலவாகவே வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த கேஸ் எரிபொருள் அல்ல. ஓட ஓடக் குறையும் பொருளும் அல்ல. அறைக்குள் இருக்கும் காயிலில் அது திரவ நிலையிலிருந்து ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி வெளியே உள்ள காயிலுக்குத் தள்ளுகிறது. அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிவருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது. ஆகவே கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்புவதை ரிப்பேர் என்று சொல்ல முடியாது.

இதற்குச் சமையலறை ஃபிரிட்ஜே சாட்சி. அதுவும் இதே முறையில்தான் இயங்குகிறது. பகலிரவு ஓடியும் பத்து, பதினைந்து ஆண்டுகள் கேஸ் நிரப்பாமலே உழைக்கிறது. கார் ஏசிக்கு அவ்வப்போது கேஸ் போடுகிறார்களே என்று கேட்கலாம். காரில் கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட் சுற்றுகிறது. சுழலும் தண்டு வெளியே வருமிடத்தில் சீலும், இடையில் ரப்பர் ஹோஸும் உண்டு. அவற்றின் வழியே சிறிதுசிறிதாகக் கசியும். வீட்டு ஏசியில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வெல்டு வைத்து மூடப்பட்டவை. ஸ்பிளிட் ஏசியில் உள்ளேயும் வெளியேயும் குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டுகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் குழாய் முனையைச் சீராக விரித்து, உரிய அளவுக்கு முறுக்கிய இணைப்பு ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஒவ்வொரு கோடையிலும் கேஸ் இறங்குகிறதென்றால், அந்தக் கசிவைத் தேயும் பொருளின் இயல்பு என்று சமாதானம் சொல்ல இடமில்லை.

கேஸே குறையாமலும் குளிர் குறையும். அதுதான் அதிகம் கவனிக்க வேண்டியது. ஃபில்டரில் தூசி அடைத்தால் காயில் மேல் காற்று போதாமல் பனி படியும். கேஸ் குறைந்தாலும் பனி படியும். பனியை மட்டும் பார்த்து முடிவுகட்டினால் தவறிப்போகும். வெளி யூனிட்டின் காயிலில் அழுக்கு ஏறினால் வெப்பம் வெளியேறாது. பழைய மாடல்களில் கம்ப்ரசரைக் கிளப்பி ஓட்டும் கப்பாசிட்டர் வலுவிழந்தால், வெளி விசிறி சுற்றும்; கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்றுவிடும். உள்ளே வெறும் காற்றுதான் வரும். கப்பாசிட்டர் விலை குறைந்த பாகம். அதன் மேலே அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவோடு மீட்டர் காட்டும் அளவை ஒப்பிட்டால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

கசிவு உறுதியானால் முறை வேறு. எஞ்சிய கேஸை மீட்டெடுத்து, நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, இணைப்புகளில் சோப்புநுரை தடவிப் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று காயிலை அரிப்பதால் அதையும் சோதிக்க வேண்டும். ஓட்டையை அடைத்த பின் வேக்யூம் பம்ப் கொண்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவது கட்டாயம். ஈரம் தங்கினால் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி மோட்டார் சுருளைக் கெடுக்கும். கடைசியில் யூனிட்டின் தகட்டில் குறித்த எடைக்கு, தராசில் வைத்து கேஸ் ஏற்ற வேண்டும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் கேஜில் காட்டும் அழுத்தத்தை மட்டும் நம்பி நிரப்புவது ஊகம்தான். கேஸ் மிகுந்தாலும் கம்ப்ரசருக்குக் கேடு.

நிரப்பியதும் குளிர்ந்ததே என்பார்கள். குளிரத்தான் செய்யும், ஓட்டை அதைக் காலி செய்யும்வரை. கசிவு தேட நேரமும் கூடுதல் கூலியும் ஆகும் என்பதையும் மறுக்கவில்லை. காயிலையே மாற்ற வேண்டிவந்தால் செலவு கனமானது. பழைய யூனிட்டாக இருந்தால் புதிதாக வாங்குவதே மேல் என்ற முடிவுக்கும் வரலாம். அந்த முடிவைக் காரணம் தெரிந்து எடுக்க வேண்டும். கேஸ் குறைந்த நிலையில் ஓடும் கம்ப்ரசர், தன்னைக் குளிரவைக்கத் திரும்பி வரும் குளிர்ந்த ஆவி போதாமல் சூடேறும். சிறு செலவில் முடியவேண்டிய நட்டுக் கசிவு, கம்ப்ரசர் மாற்றுவதில் போய் நிற்பது இப்படித்தான். வெளியேறும் கேஸும் காற்றில் கலந்து மறைந்துவிடுவதில்லை. ஏசி கேஸ் வகைகளில் ஒன்றான ஆர்-22 ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் படிப்படியாக விலக்கப்படுகிறது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-32 ஓசோனைத் தொடாது என்றாலும், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட சுமார் 675 மடங்கு புவியைச் சூடாக்கும். மெல்லத் தீப்பற்றக்கூடியதும்கூட.

கேஸ் இறங்கிவிட்டது என்று மெக்கானிக் சொன்னால், எங்கே கசிகிறது என்று கேளுங்கள். இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அடைத்த பின் எத்தனை கிராம் ஏற்றினார் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.