ஒரு வரி மாத்தினா 400 வரியா?

ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுக்கு முதல் பேட்ச் அனுப்பப் போறீங்களா? முதல்ல அவங்க ஸ்டைல் விதிகளைப் படிச்சிடுங்க. லினக்ஸ் கர்னலில் இன்டென்ட்டுக்கு 8 எழுத்து அகல டேப். பைத்தானின் பெப் 8-ல் 4 ஸ்பேஸ். எது அழகுன்னு ஹாஸ்டல்ல சண்டை போட்டுக்கலாம். இங்கே பிரச்சினை வேற. நீங்க திருத்தினது ஒரே வரி; ஆனா சேவ் பண்ணும்போது எடிட்டர் ஃபைல் முழுக்க டேபை ஸ்பேஸா மாத்திட்டா, டிஃப்பில் 400 வரி மாறினதா நிக்கும். அதுக்குள்ள உங்க வரியை ரிவ்யூ பண்றவர் எங்கே தேடுவார்? கிட் பிளேமிலும் பழைய வரிகளுக்கெல்லாம் உங்க பேர்தான் வரும்.

ஜாங்கோ குழு 2022-ல் தங்கள் பைத்தான் கோடை மொத்தமா பிளாக் கருவியால் ஒழுங்குபடுத்தியது. அதைத் தனி கமிட்டாகவே வைத்து, பிளேம் அதைத் தாண்டிப் போகும்படி ஒரு ஃபைலில் குறித்தும் வைத்தார்கள்.