கணப்பொழுதில் திறந்து மூடும் வால்வு
கல்முனைக் கரையிலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் புதிய ரகச் சிறு டீசல் லொறியின் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருளைச் சிவிறும் இன்ஜெக்டர் செக்கனுக்கு 25 முறை இயங்குவதோடு, இரைச்சலைத் தணிப்பதற்காக முதன்மைச் சிவிறலுக்கு முன்பே சிறிதளவு எரிபொருளைத் தனியாகவும் செலுத்துகிறது. இன்ஜெக்டரின் வால்வைத் திறக்கும் மின்காந்தச் சுருளுக்கு, மின்னோட்டம் திடீரென ஏறுவதை எதிர்க்கும் தூண்டல் என்னும் இயல்பு இருப்பதால், பற்றரியின் 12 வோல்ற்றை மட்டும் நம்பினால் திறப்பு தாமதமாகும். ஆகவே கட்டுப்பாட்டுச் சுற்று, மின்தேக்கியில் சேர்த்துவைத்த 50 வோல்ற்றுக்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தை முதலில் பாய்ச்சி வால்வைச் சட்டெனத் தூக்கி, பின்னர் குறைந்த மின்னோட்டத்தில் பிடித்து வைக்கிறது. திறப்பதைவிட மூடுவதே நுணுக்கமானது எனலாம். சுருளில் எஞ்சும் காந்தப்புலம் விரைந்து அடங்காவிடில் எரிபொருள் கூடுதலாகச் சென்றுவிடும் என்பதால், அந்தப் புலத்தின் ஆற்றலை மீண்டும் மின்தேக்கிக்கே திருப்பி அனுப்பும் சுற்றுகளும் பயன்பாட்டில் உள்ளன.