யாரிடம் முறையிடுவது?

கடையில் வாங்கிய அரிசியில் கல் மிகுந்திருந்தால் பையோடு எடுத்துச் சென்று கடைக்காரரிடம் காட்டுகிறோம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் மாநகராட்சி அலுவலகத்தின் படியேறுகிறோம். பேருந்து நிறுத்தத்தில் நில்லாமல் போனால் பணிமனைக்கு எழுதுகிறோம். அங்கெல்லாம் எப்போதும் நீதி கிடைக்கிறதென்று சொல்ல இயலாவிடினும், சென்று தட்டுவதற்கேனும் ஒரு கதவு இருக்கிறது. ஆனால் அரசு வானொலியிலோ தொலைக்காட்சியிலோ வாசிக்கப்படும் செய்தி ஒன்று உண்மைக்கு மாறாகவோ, ஒரு தரப்பாரின் கூற்றை மட்டும் எடுத்துரைப்பதாகவோ அமைந்துவிட்டால், அதனைக் கேட்டு மனம் நொந்த குடும்பத் தலைவரோ தலைவியோ எந்தக் கதவைத் தட்டுவது? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு நம் நாட்டில் விடை காண்பது எளிதன்று.

நம்பிக்கை வளர்ந்த விதம்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பெற்றது. அன்று முதல் திண்டுக்கல் சமவெளி மக்களுக்கு அது வீட்டு உறவினர்போல ஆயிற்று. தோல் பதனிடும் தொழிலாளியும் பூட்டுத் தொழிலாளியும் சின்னாளப்பட்டித் தறிக்காரரும் தேநீர்க் கடையில் நின்று செய்தி கேட்ட காலம் உண்டு. டெல்லியிலிருந்து ஒலித்த சரோஜ் நாராயணசுவாமி அவர்களின் குரலை அறியாத வீடு அரிது. 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் பிறந்தது. பின்னர் கோடைக்கானல் மலையிலிருந்து வந்த அலைகள், தொலைக்காட்சியையும் பண்பலை வானொலியையும் நம் சமவெளியின் சிற்றூர்கள்வரை கொண்டுவந்து சேர்த்தன. “ரேடியோவிலேயே சொல்லிவிட்டார்கள்” என்றால் அதற்கு மேல் சான்று வேண்டாம் என்று கருதியவர்கள் நம் பெற்றோர்.

அந்த நம்பிக்கைக்கு முதற் பெருங்காயம் 1975 ஜூன் மாதம் முதல் 1977 மார்ச் மாதம் வரை நீடித்த நெருக்கடி நிலையின்போது ஏற்பட்டது. ஆள்வோரின் குரல் மட்டுமே அன்று வானலைகளில் ஒலித்தது. ‘ஆல் இந்தியா ரேடியோ’வை ‘ஆல் இந்திரா ரேடியோ’ என்று மக்கள் எள்ளி நகையாடினர். அக்காலத்தில் மட்டுமன்றி, இலங்கைத் தமிழர் துயருற்ற ஆண்டுகளிலும், மெய்ந்நிலை அறிய விரும்பியோர் இரவு வேளையில் இலண்டனிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசையைத் தேடிச் சென்றதை முதியோர் நினைவுகூர்வர். தன் நாட்டு வானொலியை நம்ப இயலாமல் அயல்நாட்டு வானொலியை நாடுவது, ஒரு குடும்பத்துப் பிள்ளை தன் வீட்டுச் செய்தியை அண்டை வீட்டாரிடம் கேட்டறிவதற்கு ஒப்பாகும்.

ஏட்டில் உள்ள மன்றம்

இந்தக் காயத்தை ஆற்றும் முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. 1977-இல் அமைந்த ஜனதா அரசு, பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் பிடியினின்று விடுபட்டுத் தனி அறக்கட்டளையாக இயங்கவேண்டும் என்று அக்குழு 1978-இல் பரிந்துரைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1990-இல், பிரசார் பாரதிச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரவோ மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. 1997-ஆம் ஆண்டில்தான் பிரசார் பாரதி நிறுவனம் செயற்படத் தொடங்கியது. இதற்கிடையில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்திருந்தது.

அந்தச் சட்டத்தை வாசிப்போர் வியப்படைவர். பொதுநலன் சார்ந்த எல்லாச் செய்திகளையும் தடையின்றியும் உண்மையாகவும் நடுநிலையோடும் அறிந்துகொள்ளக் குடிமக்களுக்குள்ள உரிமையைக் காப்பது அந்நிறுவனத்தின் கடமை என்று அது கூறுகிறது. மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்தே வழங்கவேண்டும், தனக்கென ஒரு கொள்கையைப் பரப்புதல் கூடாது என்றும் வரையறுக்கிறது. இக்கடமை தவறினால் முறையிடுவதற்கு ‘ஒலிபரப்பு மன்றம்’ என்னும் அமைப்பையும் சட்டமே வகுத்துள்ளது. தலைவர் ஒருவர், பொதுவாழ்வில் சிறந்த பதின்மர், நாடாளுமன்ற உறுப்பினர் நால்வர் ஆகப் பதினைந்து பேர் அம்மன்றத்தில் அமர்வர். தேவையெனின் மண்டல மன்றங்களையும் அமைக்கலாம். எந்தக் குடிமகனும் அங்கு முறையிடலாம். முறையீடு நியாயமானதெனக் கண்டால் மன்றம் நிறுவனத்திற்குப் பரிந்துரை செய்யும். அதனை ஏற்க இயலாவிடில் நிறுவனம் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். வேண்டுமானால் தன் முடிவை அதே வானலையில் ஒலிபரப்பச் செய்யவும் மன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

எத்துணை நேர்த்தியான ஏற்பாடு! ஆனால் ஒரு குறை: அந்த மன்றம் இன்றுவரை அமைக்கப்படவில்லை. 1997-க்குப் பின் நடுவண் அரசில் பல கட்சிகள் மாறி மாறி அமர்ந்தன. ஒருவருக்கும் இதற்கு நேரம் வாய்க்கவில்லை. ஆகவே இதனை ஒரு கட்சியின் குற்றமாகச் சுருக்குதல் முறையன்று. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது நடுநிலையான ஒலிபரப்பை வேண்டுவோர், ஆட்சிக்கட்டிலில் ஏறியபின் அதனை மறந்துவிடுகின்றனர்.

பெரியோர் குரலும் எளியோர் குரலும்

நடுவர் இல்லாத ஆடுகளத்தில் என்ன நிகழும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் காண்போம். 2017 ஆகஸ்டு மாதத்தில், அன்றைய திரிபுரா முதலமைச்சர் மாணிக் சர்க்கார் அவர்களின் சுதந்திர தின உரை பதிவு செய்யப்பட்டும் ஒலிபரப்பப்படவில்லை. உரையைத் திருத்தித் தந்தால்தான் ஒலிபரப்ப இயலும் என்று தெரிவிக்கப்பட்டதாக அம்மாநில அரசு கூறியது. முதலமைச்சரின் நிகழ்ச்சிகளுக்கு உரிய இடம் அளித்துள்ளோம் என்று மறுதரப்பு கூறியது. இரு தரப்பையும் கேட்டு, உண்மை இன்னதென்று அறிவிப்பார் எவருமின்றி அவ்வழக்கு காற்றில் கரைந்தது.

2024 அக்டோபர் 18 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலைய விழா ஒன்றில் தமிழ்த்தாய் வாழ்த்தில் ஓர் அடி விடுபட்டுப் பாடப்பட்டது. தமிழக முதலமைச்சர் கடுமையாகக் கண்டித்தார், மாநிலமே கொதித்தது. பாடியவர்களின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்று டிடி தமிழ் அன்றே வருத்தம் தெரிவித்தது. விரைந்து வருத்தம் தெரிவித்தது நன்றே. ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. அதே பிழையைச் சுட்டிக்காட்டி வேடசந்தூர் ஆசிரியர் ஒருவர் மட்டும் ஓர் அஞ்சலட்டை எழுதியிருந்தால் மறுமொழி கிடைத்திருக்குமா?

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் விவசாயி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தம் ஊரில் நடந்த போராட்டம் பற்றிய செய்தியில் அதிகாரியின் விளக்கம் மட்டும் வந்து, தம்மவர் கூற்று ஒரு வரிகூட இடம்பெறவில்லை என்று அவர் வருந்துகிறார். எழுதினால் அக்கடிதம் எவரைப் பற்றியதோ அவருடைய மேசைக்கே சென்று சேரும். நடுவண் அரசின் பொதுக்குறை தீர்க்கும் இணையதளத்தில் பதிந்தாலும், அது சுற்றிச் சுற்றி அந்நிறுவனத்திற்கே அனுப்பப்படும். குற்றம் சாட்டப்பட்டவரே தம் வழக்கிற்குத் தீர்ப்பும் எழுதுவதை எந்த ஊர்ப் பஞ்சாயத்து ஏற்கும்?

இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. தனியார் அலைவரிசைகளுக்கென 2021-இல் வகுக்கப்பெற்ற விதிகளின்படி, முறையீடு கிடைத்த 24 மணி நேரத்தில் அதனைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, 15 நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கவேண்டும். நிறைவு பெறாதவர் மேல்முறையீடு செய்யலாம். அது நடைமுறையில் முழுமையாகப் பயன்தருகிறதா என்பது வேறு கேள்வி. மக்கள் வரிப்பணத்தால் நடைபெறும் நிறுவனத்திற்கோ, தன் சொந்தச் சட்டம் சொன்ன மன்றமே இல்லை.

பிரிட்டனில் பி.பி.சி.யின் செய்தி குறித்துக் குறை கூறுவோர் 30 வேலை நாட்களுக்குள் எழுதவேண்டும். முதற் பதிலில் நிறைவு பெறாவிடில் அந்நிறுவனத்திலேயே தனிப்பிரிவு ஒன்று ஆராயும். அதன்பின் 2017 முதல் ஆஃப்காம் என்னும் வெளி அமைப்பிடம் செல்லலாம். அங்கும் அச்சடித்தாற்போன்ற பதில்களே வருகின்றன என்று முணுமுணுப்போர் உண்டு. ஆனால் படிகள் உள்ளன. இறுதிப் படியில் அமர்ந்திருப்பவர் வேறொருவர். அந்த வேறுபாடே பெரிது.

நாம் செய்யத்தக்கவை

செய்தி அறையில் பணிபுரிவோர் அனைவரையும் பழிப்பது நம் நோக்கமன்று. நிமிடக் கணக்கில் செய்தியைத் தொகுத்து வாசிக்கவேண்டிய நெருக்கடி அவர்களுக்கு உண்டு. மேலிடத்து அழுத்தமும் உண்டு. நியாயமான நடுவர் மன்றம் ஒன்று இருந்தால், நேர்மையாகப் பணியாற்ற விரும்பும் செய்தி ஆசிரியருக்கும் அதுவே கேடயமாகும். “மன்றம் கேள்வி கேட்கும்” என்று சொல்லி அவர் மேலிடத்தின் கட்டளையை மறுக்கலாம் அல்லவா?

எனவே நம் குடும்பங்கள் சிலவற்றைப் பழகிக்கொள்ளலாம். குறை காணும்போது தேநீர்க் கடையில் புலம்பி அடங்கிவிடாமல், நிலையத்தின் பெயர், நாள், மணி, கேட்ட செய்தி, அதில் தவறென்று கருதுவது எது, அதற்குச் சான்று யாது என்று குறித்து, கடுஞ்சொல் கலவாமல் எழுதுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிடில் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நமக்குத் துணை நிற்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, என் முறையீட்டின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை யாது என்று கேட்டால், 30 நாட்களுக்குள் விடையளிக்கப் பிரசார் பாரதி கடமைப்பட்டுள்ளது. நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது, ஒலிபரப்பு மன்றம் ஏன் இன்னும் அமைக்கப்படவில்லை என்று அவரிடம் வினவுங்கள். அம்மன்றத்தில் நால்வர் இடம் நாடாளுமன்றத்தார்க்கே உரியது என்பதையும் நினைவூட்டுங்கள்.

சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி வத்திக்கான் 1971-இல் வெளியிட்ட அறிவுரை ஏடு, கேட்போரும் காண்போரும் வாளாவிருந்து பெறுவோராக மட்டும் இருத்தல் கூடாது என்று வலியுறுத்துகிறது. அந்தக் கடமையை நாம் ஆற்றவேண்டுமாயின், நம் சொல்லைக் கேட்க ஒரு செவி வேண்டும். முறையீடுகள் அனைத்தும் நியாயமானவையாக இரா, பல தள்ளுபடியாகும். தள்ளுபடி ஆனாலும், தன் குறையைப் பொறுமையோடு கேட்டுக் காரணம் சொன்னவரிடம் எளியவன் மனக்கசப்புக் கொள்வதில்லை. கேளாமலே இருந்துவிடுவதுதான் அவன் நெஞ்சைச் சுடுகிறது. சட்டம் 1990-இல் கட்டச் சொன்ன அந்தக் கதவை இனியேனும் கட்டித் தருமாறு கேட்பது, வானலைகளின் உரிமையாளராகிய நம் கடமை.